பல்லுக்குக் கம்பி போடுவது அழகுக்காக மட்டுமா?



எங்கள் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்சீரமைப்புச் சிகிச்சை நடந்து வருகிறது என்று முந்தைய மடலில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். "பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் என்று நாங்கள் அனுப்பும் பணம், பல்லுக்குக் கிளிப் போடவா செலவாகிறது? அது வசதியுள்ளவர்கள் அழகுக்காகச் செய்துகொள்வதல்லவா?" என்பதே அக்கடிதங்களின் சாரம்.

கேட்டது நியாயமான கேள்வி. பிறர் கொடுத்த பணத்தைச் செலவு செய்கிறவர்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆகவே இந்தச் சிகிச்சை என்ன, யாருக்கு அவசியம், யாருக்கு அவசியமில்லை, கம்பி போட்டுக்கொண்ட பிள்ளையும் வீட்டாரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், இதில் உங்கள் உதவி எந்த இடத்தில் மிகவும் தேவைப்படுகிறது என்பதையெல்லாம் எங்கள் பல் மருத்துவர்களிடம் கேட்டறிந்து இங்கே விளக்குகிறோம்.

யாருக்கு அவசியம்?

எத்துப்பல், தெத்துப்பல், சிங்கப்பல் என்று நம் ஜனங்கள் பல பெயர்களில் சொல்வதையெல்லாம் மருத்துவர்கள் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பு இன்றும் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாக இருக்கிறது. மேல் கடைவாய்ப்பல்லும் கீழ் கடைவாய்ப்பல்லும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பதே அதன் அடிப்படை. பொருத்தம் சரியாக இருந்தும் பற்கள் நெருக்கியடித்து நிற்பது முதல் வகை. கீழ்வரிசை பின்தங்கி, மேல்வரிசை முன்னால் இருப்பது இரண்டாம் வகை. கீழ்வரிசை முந்திக்கொண்டு நிற்பது மூன்றாம் வகை.

இவற்றில் எல்லாவற்றுக்கும் சிகிச்சை அவசியமில்லை. ஒரு பல் சற்றே திரும்பியிருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் மேல் முன்பற்கள் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளை சைக்கிளிலிருந்தோ பள்ளிக்கூடப் படிக்கட்டிலிருந்தோ விழுந்தால், முதலில் அடிபடுவது அந்தப் பற்களே. மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு முன்பல் உடையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டறிந்திருக்கிறார்கள். சிலருக்குக் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தின் ஈற்றைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்குகின்றன. சிலருக்குக் கோரைப்பல் முளைக்க இடமின்றி எலும்புக்குள்ளேயே படுத்துக்கிடந்து, பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடுகிறது. சிலருக்குத் தாடை ஒருபக்கமாக இழுத்துக் கடிப்பதால் முகமே கோணலாக வளர்கிறது. இவையெல்லாம் நோய் என்றே கொள்ளத்தக்கவை.

யாருக்கு முதலில் செய்வது என்று முடிவெடுக்க மருத்துவர்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் புரூக், ஷா என்ற இருவர் வெளியிட்ட அந்த அளவுகோலில் ஐந்து படிகள் உள்ளன. முதற்படியில் உள்ளவருக்குச் சிகிச்சை தேவையில்லை. மேல் முன்பற்கள் 6 மில்லிமீட்டருக்கு மேல் 9 மில்லிமீட்டர் வரை துருத்தியிருந்தால் நான்காம் படி. 9 மில்லிமீட்டரையும் தாண்டினாலோ, பல் எலும்புக்குள் சிக்கியிருந்தாலோ, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தையாக இருந்தாலோ ஐந்தாம் படி. அந்நாட்டு அரசாங்க மருத்துவச் சேவையில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் இதைக்கொண்டுதான். எங்கள் பல் பிரிவிலும் தரும நிதியிலிருந்து உதவி பெறும் பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் படியைச் சேர்ந்தவர்களே. "கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் பெண்ணின் பல்லைச் சரிசெய்துவிடுங்கள்" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கவலையை நாங்கள் லேசாக எண்ணுவதில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தரும நிதியைத் தொடுவதில்லை. ஆறு மாதத்தில் ஏன் முடியாது என்பதையும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அதை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

எலும்புக்குள் பல் எப்படி நகர்கிறது?

சுவரில் அடித்த ஆணியைப்போலப் பல் தாடையில் இறுகிப் பதிந்திருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று உண்டு. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பல் அந்த நார்களில் தொட்டில்போலத் தொங்குகிறது. பல்லை ஒரு பக்கமாக இதமாகத் தள்ளினால், அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் அணுக்கள் வேலை தொடங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுவதால் அங்கே எலும்பைக் கட்டும் அணுக்கள் புது எலும்பை இடுகின்றன. முன்னால் வழி திறக்கிறது, பின்னால் இடைவெளி அடைக்கப்படுகிறது, பல் இடம் மாறுகிறது. 1904ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்டெட் என்பவர் நாய்களின் பற்களில் சோதித்து இதைக் காட்டினார்.

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. பல் நகரும் வேகம் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இடமில்லாத வாயில் ஒரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்தால் கிடைக்கும் இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். அதை மூட மட்டும் ஏழெட்டு மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள் டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதிகமாக இறுக்கினால் நார்த்திசுவுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகும். அப்போது பல் நகராமல் நின்றுவிடும், வலி கூடும், வேரின் நுனியும் கரையும். ஆகவேதான் மெல்லிய விசையை வைத்து, நான்கு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை பார்த்து, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், சிகிச்சை தொடர்கிறது.

என்ன பொருத்துகிறார்கள்?

முதலில் முழுத்தாடையையும் பக்கவாட்டு முகத்தையும் எக்ஸ்ரே எடுத்து, பற்களுக்கு பிளாஸ்டர் அச்சு எடுக்கிறார்கள். இடம் போதவில்லை என்றால் சில பற்களை எடுக்க நேரிடும். "நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?" என்று தாய்மார் கலங்குகிறார்கள். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தால் யாராவது இருவர் எழுந்துதான் ஆகவேண்டும் என்று எங்கள் டாக்டர் அம்மா சொல்லுவார்கள். எல்லாருக்கும் பல் எடுப்பதில்லை. அளந்து பார்த்தபின்பே முடிவு செய்கிறார்கள்.

ஒவ்வொரு பல்லின்மேலும் பிராக்கெட் என்ற சிறு உலோகத் துண்டை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை போடவேண்டியிருந்தது. அமிலத்தால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று 1955ஆம் ஆண்டில் பூனோகோர் கண்டுபிடித்த பிறகு, நேரே பல்லில் ஒட்டுவது சாத்தியமாயிற்று. பிராக்கெட்டின் நடுவிலுள்ள பள்ளத்தில் கம்பியை வைத்துச் சிறு ரப்பர் வளையங்களால் கட்டுகிறார்கள். ஆரம்பத்தில் போடும் கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்த இந்தக் கம்பிதான் கோணலான பற்களை மெதுவாக வரிசைக்கு இழுக்கிறது. பிற்பாடு கெட்டியான எவர்சில்வர் கம்பி போடுவார்கள்.

ரப்பர் வளையங்கள் பல வண்ணங்களில் வருகின்றன. எந்த வண்ணம் வேண்டும் என்று பிள்ளையையே கேட்கிறோம். வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்த பிள்ளைகூட நீலமா சிவப்பா என்று யோசிக்கும்போது கையை எடுத்துவிடுகிறது.

முதல் வாரமும் அதன் பின்னும்

கம்பி போட்ட சில மணி நேரத்தில் பல் கூசவும் வலிக்கவும் ஆரம்பிக்கும். மறுநாள் வலி அதிகமாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையும், வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பும் போதும். கன்னத்தின் உட்புறம் கம்பி உரசிப் புண்ணானால், அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்தனுப்புகிறோம். பள்ளி பாண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதும் பிள்ளைகளுக்கும் இந்த மெழுகு உதவும். கம்பியின் முனை குத்தினால் வீட்டில் நகவெட்டியால் வெட்டக் கூடாது. பிராக்கெட் கழன்றால் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறைக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இட்லி, இடியாப்பம், ரசஞ்சாதம், தயிர்சாதம், குழைந்த பொங்கல், வாழைப்பழம் இவையெல்லாம் நல்லது. நம் மாவட்டத்துப் பெருமையான மணப்பாறை முறுக்கை இரண்டு வருடத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். சீடை, தட்டை, கடலைமிட்டாய், கமர்கட்டு ஆகியவையும் அப்படியே. பொங்கலுக்குக் கரும்பைக் கடித்து இழுப்பதும், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் எலும்பைக் கடிப்பதும் ஆகாது. கிறிஸ்துமஸுக்கு வீடுதோறும் செய்கிற கல்கலும் கடினமானதே. கொய்யாவையும் மாங்காயையும் சிறு துண்டுகளாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். பேனாவைக் கடிக்கிற பழக்கமும் நகங்கடிக்கிற பழக்கமும் பிராக்கெட்டைக் கழற்றிவிடும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பல் துலக்குவது. கம்பியைச் சுற்றி உணவு தங்கும். அதைச் சரியாக எடுக்காவிட்டால் ஒரு மாதத்திற்குள்ளேயே எனாமலில் வெள்ளைத் தழும்புகள் தோன்றத் தொடங்கும். அது சொத்தையின் முதற்கட்டம். வேப்பங்குச்சியோ, விரலால் தேய்க்கும் பல்பொடியோ கம்பிக்கு இடையில் புகாது. மென்மையான பிரஷ்ஷும், ஃபுளோரைடு உள்ள பற்பசையும், இடுக்குகளுக்கென்று சிறு பிரஷ்ஷும் வேண்டும். பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும். சாப்பிட்ட பின்பும் கட்டாயமாக இரவு படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்களை அறவே விடுவது நல்லது.

நடுவழியில் நின்றுபோகும் சிகிச்சை

இதுவரை சொன்னதைப் படித்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். கம்பி போட ஒருநாள் போதும். அதன்பின் இருபது, இருபத்தைந்து தடவை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் விழுந்துபோவது இந்த இடத்தில்தான்.

கம்பியின் விலையை உங்களைப் போன்றோர் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு தாயோ, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு தகப்பனோ, பிள்ளையை அழைத்துவர மாதம் ஒருநாள் வேலையை விடவேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது தாய்மாருக்குப் பெரிய ஒத்தாசை. இருந்தாலும் இழந்த கூலியை அது திருப்பித் தராது. துறையூர், முசிறிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையும் எட்டுவதில்லை. இரண்டு மாதம் தவறும், மூன்றாம் மாதம் கூச்சத்தால் வரமாட்டார்கள். "டாக்டர் திட்டுவார்களோ" என்ற பயம் வேறு.

ஊர் முழுவதும் சேர்ந்து தவறிய காலங்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது, வாயில் கம்பியோடு பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார்கள். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே பேருந்துகள் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டில் பாலம் திறக்கும் வரை மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பட்ட பாடு திருச்சி அன்பர்களுக்குத் தெரியும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின் நாட்களில் தீவிலிருந்து புறப்பட்டு வருவதும் எளிதல்ல.

பாதியில் விட்ட சிகிச்சை, தொடங்காத சிகிச்சையைவிடத் தீங்கானது. எடுத்த பல்லின் இடைவெளி மூடாமல் நிற்கும். பக்கத்துப் பல் அதற்குள் சாயும். பார்ப்பாரில்லாத கம்பியைச் சுற்றிச் சொத்தை விழும், ஈறு வீங்கும். கழன்ற கம்பியைக் கொறடால் பிடுங்கிவிட்டு வந்த ஒரு பையனுக்கு முன்பல்லின் எனாமல் பெயர்ந்திருந்தது. ஆகையால் ஒரு பிள்ளைக்குக் கம்பி போடுவதற்கு முன்னால், மாதாமாதம் யார் அழைத்து வருவார்கள் என்று எங்கள் சமூகநலப் பணியாளர் கேட்டு எழுதிக்கொள்கிறார். அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் நாங்கள் தொடங்குவதில்லை. இது கடின மனமாகத் தோன்றலாம். பிள்ளைக்குத் தீங்கு செய்யாதிருப்பதே முதற்கடமை என்பதால் இப்படிச் செய்கிறோம்.

கம்பி எடுத்த பிறகு

இரண்டு வருடம் பொறுத்து, ஒருநாள் கம்பியை எடுக்கிறோம். பிள்ளை நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரிக்கிறது. வேலை அதோடு முடியவில்லை. பல்லைச் சுற்றியுள்ள ஈற்றின் நார்கள் பழைய இடத்தை மறக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய கோணத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க ரிட்டெய்னர் என்ற சாதனம் தருகிறோம். அண்ணத்தில் பொருந்தும் பிளாஸ்டிக் தகடும் முன்னால் ஒரு கம்பியும் உள்ளது ஒரு வகை. கண்ணாடிபோன்ற உறை இன்னொரு வகை. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவிடும் மெல்லிய கம்பியும் உண்டு. ஆரம்ப மாதங்களில் டாக்டர் சொன்னபடி நாள் முழுதும், பிறகு இரவில் மட்டும் போடவேண்டும். இரவில் போடுவதை எவ்வளவு நீண்டகாலம் தொடர முடியுமோ அவ்வளவு நல்லது.

ரிட்டெய்னர்கள் தொலைவது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். பிள்ளை அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைக்கும். எச்சில் இலையோடு அதுவும் குப்பைக்குப் போய்விடும். அதற்கென்று மூடியுள்ள டப்பா ஒன்று கொடுத்து, பள்ளிப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுகிறோம். வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் உருமாறிப்போகும். சாதாரணத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

பிளவுபட்ட உதட்டோடு பிறந்த பிள்ளைகள்

உலகளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ, அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. தாய் கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று நம் ஊர்களில் இன்னமும் சொல்லி, அந்தத் தாயைக் குற்றப்படுத்துகிறார்கள். இதில் சிறிதும் உண்மையில்லை. கருவுற்ற ஆறாவது வாரத்திலிருந்து முகத்தின் பகுதிகள் ஒன்றுகூட வேண்டியவை கூடாமல் போவதால் வருவது இது. அந்நேரத்தில் பல தாய்மாருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே சரியாகத் தெரிந்திருக்காது.

மூன்று மாதம் கடந்தபின் உதட்டையும், ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தையும் அறுவை செய்து மூடுகிறார்கள். பலரும் அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பல் முளைக்கும் எலும்பிலும் பிளவு இருக்கும். மேல்தாடை குறுகி வளரும். எட்டு முதல் பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன், தாடையைக் கம்பியால் விரித்துப் பிளவில் எலும்பு வைத்துத் தைக்க வேண்டும். அதன்பின் பற்களை வரிசைப்படுத்த வேண்டும். ஆகப் பிறந்த நாள் முதல் பதினெட்டு வயது வரை பல்சீரமைப்பு நிபுணரின் உதவி வேண்டியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கம்பி என்பது உண்பதற்கும் பேசுவதற்குமானது.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கேரளத்தில் திருச்சூர் ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1959ஆம் ஆண்டில் வந்த டாக்டர் ஹிர்ஜி ஆடன்வாலா, பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். அங்கே அவர் தம் ஆசிரியர் டாக்டர் சார்லஸ் பின்டோவின் பெயரால் உதட்டுப் பிளவு மையம் ஒன்றை ஏற்படுத்தினார். 2020ஆம் ஆண்டில் அவர் காலமானார். ஓர் அறுவையோடு நின்றுவிடாமல் பிள்ளை வளரும்வரை பின்தொடர வேண்டும் என்பதே இப்படிப்பட்ட மையங்கள் கற்றுத்தரும் பாடம். 1999ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்னும் தரும ஸ்தாபனத்தின் உதவியால் இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் இந்த அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைநலத் திட்டத்திலும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்துக் கண்டறியும் குறைகளில் உதட்டுப் பிளவு ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வருமுன் காப்பது

கம்பியே வேண்டாதபடி தடுக்கக்கூடியவையும் உண்டு. "பால்பல்தானே, விழுந்துவிடும்" என்று சொத்தையைக் கவனியாமல் விடுவது பெருந்தவறு. பால்பற்கள் இருபதும் பின்னால் வரும் பற்களுக்கு இடம்பிடித்து வைத்திருக்கின்றன. பால் கடைவாய்ப்பல் சீக்கிரமே போய்விட்டால், ஆறு வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமற் போகும். தகுந்த காலத்தில் இடங்காக்கும் ஒரு சிறு கம்பி வளையம் போட்டால் பிற்காலத்துச் செலவு குறையும். விரல் சூப்பும் பழக்கம் நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் பொதுவாகக் கெடுதல் இல்லை. நிரந்தரப் பற்கள் வரும் வயதிலும் தொடர்ந்தால் முன்பற்கள் துருத்தும். வாயால் மூச்சுவிட்டுத் தூங்கும் பிள்ளையை மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நலம். ஏழு வயதில் ஒருமுறை பல் வரிசையைக் காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர்கள் சொல்லுகிறார்கள். நமக்கும் அது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்பல் சந்தை மூட வீட்டிலேயே ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்ளும் வழக்கம் இப்போது இளைஞரிடம் பரவுகிறது. அந்த ரப்பர் மெல்ல ஈற்றுக்குள் நழுவி, வேரின்மேல் ஏறி, சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். நல்ல பல் ஆடி விழுந்துபோகும். பி.டி.எஸ். படித்தபின் மேலும் மூன்றாண்டு பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டுவதே பாதுகாப்பு. அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் செலவு குறைவு. சென்னையில் நெடுங்காலமாக இருப்பதோடு, 2023ஆம் ஆண்டில் நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையிலும் ஒன்று திறக்கப்பட்டது.

நீங்கள் செய்யக்கூடியது

கம்பி வாங்கப் பணம் அனுப்பியவர்களுக்கு எங்கள் நன்றி. இந்த முறை வேறொன்றைக் கேட்கிறோம். உங்கள் சபையிலோ தெருவிலோ உள்ள ஒரு பிள்ளை சிகிச்சையில் இருந்தால், மாதம் ஒரு காலைப் பொழுதை அதற்குக் கொடுக்க முடியுமா? பெற்றோர் முதல் நாள் வந்து எழுத்தில் சம்மதம் தந்துவிட்டால், பின்வரும் சாதாரணப் பரிசோதனைகளுக்கு அவர்கள் நம்பி அனுப்பும் பெரியவர் ஒருவர் உடன்வந்தால் போதும். தாயின் ஒருநாள் கூலி மிஞ்சும், பிள்ளையின் சிகிச்சையும் தடைப்படாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திருவானைக்காவல் பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளை இப்படி அழைத்துவருகிறார். மூவரில் ஒருவருக்கும் இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எத்துப்பல்லை வைத்துப் பட்டப்பெயர் சொல்வதை உங்கள் வகுப்பில் அனுமதியாதேயுங்கள். வாயை மூடிக்கொண்டு பாடுகிற பிள்ளையைக் கண்டால் பெற்றோரிடம் தனியே பேசுங்கள். பிளவுபட்ட உதட்டோடு குழந்தை பிறந்த வீட்டைக் கேள்விப்பட்டால் உடனே எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். உங்கள் ஊருக்கு அருகில் எங்கே காட்டலாம் என்று வழி சொல்லுகிறோம்.

இப்போது கம்பியோடிருக்கும் பிள்ளைகள் கடைசி நாள் வரை தவறாமல் வந்து முடிக்கவேண்டும் என்று எங்களோடு சேர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். அழைத்துவர முன்வருகிறவர்கள் தங்கள் பெயரையும், வசதியான கிழமையையும் ஒரு தபால் அட்டையில் எழுதி ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பினால், சமூகநலப் பணியாளர் உங்களைத் தொடர்புகொள்வார்.